முருங்கைக்காய் நட்ட மீன்தொட்டி

வீட்டுக்கு வருகிறவர்கள் கடல்மீன் தொட்டியை ஆசைதீரப் பார்த்து முடித்ததும், பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டியைக் காட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “இதுல எதுக்கு முருங்கைக்காயை நட்டு வெச்சிருக்கீங்க?” கேட்பவர்கள் மேல் பிழையில்லை. முழ நீளம், விரல் பருமன், பச்சை நிறம், அடியில் கூர்மை. அப்படி ஆறு உருப்படிகள், பாதி தண்ணீருக்குள்ளும் பாதி வெளியிலுமாக நிற்கின்றன. இரண்டின் தலையில் மட்டும் தோல்போல் தடித்த இலைகள் ஒரு ஜோடி.

அது காயல்ல, செடியேதான். சுரபுன்னை என்று பிச்சாவரம் பக்கம் சொல்லும் ரைசோஃபோரா என்ற அலையாத்தி மரம் தன் விதையைச் சும்மா உதிர்த்துவிடுவதில்லை. விதை கிளையிலேயே முளைக்கிறது. மாதக்கணக்கில் தாய்மரத்தின் சாற்றைக் குடித்து, ஈட்டிபோல் நீண்டு, பிறகுதான் விழுகிறது. உப்புச் சேற்றில் ஒரு விதை முதல் வேர் விட்டுப் பிழைப்பது லேசில்லை. அதனால் மரம் பிள்ளையை வளர்த்தே அனுப்புகிறது. விழுந்த இடத்தில் சேறு இருந்தால் அங்கேயே ஊன்றிக்கொள்ளும். தண்ணீர் இருந்தால் மிதந்து போகும். முதலில் படுத்தபடி மிதக்கும், நாள்பட அடிப்பக்கம் கனத்து நிமிர்ந்து நிற்கும், கால் தரை தட்டியதும் வேர் விடும். இதற்கு நான் நாற்றுக்காய் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பவை அலையாத்தி நாற்றங்கால் வைத்திருக்கும் நண்பர் கொடுத்தவை.

சின்னத் தொட்டிக்கு உலகம் முழுக்க ரெஃப்யூஜியம் என்று பெயர். புகலிடம் என்று பொருள். பெரிய தொட்டியில் மீன்கள் இருக்கும். மீன் இருக்கும் இடத்தில் கடுகளவு இறால்பூச்சிகளோ, கோபிபாட் என்னும் பொடிப்பொடியான உயிர்களோ, இளந்தளிரோ பிழைக்காது. எனவே அதே தண்ணீர் ஓடிவரும்படி பக்கத்தில் இன்னொரு தொட்டி. அதில் மீன் கிடையாது. மோட்டார் தண்ணீரை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சுற்றவிடும். இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961-லேயே, வடிகட்டிகளை ஒதுக்கிவிட்டு, கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையை வைத்தே பவளத்தை வளர்க்கலாம் என்று எழுதினார். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி அதை ஓர் அறிவியலாகவே கட்டினார்: அலை, ஒளி, பாசி, சேறு எல்லாம் சேர்ந்த ஒரு குட்டிக் கடல். அரிசோனா பாலைவனத்தில் 1991-ல் எட்டுப் பேரை உள்ளே வைத்து மூடினார்களே, பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடி உலகம், அதற்குள் இருந்த சதுப்புநிலமும் ஏடி குழுவின் கைவண்ணம். அதற்கான அலையாத்தி மரங்கள் ஃப்ளோரிடாவிலிருந்து லாரியில் பாலைவனத்துக்கு வந்தன.

இவ்வளவு பெரிய பரம்பரை இருப்பதாலோ என்னவோ, கடைக்காரர்கள் நாற்றுக்காயை விற்கும்போது ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சேர்த்துவிடுகிறார்கள்: “இதை வெச்சா தண்ணி சுத்தமாயிடும் சார்.” கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது.

மீனுக்குத் தினம் 1 கிராம் உலர்தீவனம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழப் பாதி புரதம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக, நாளுக்கு 80 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டியில் இறங்குகிறது. மீனின் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம். மிச்சம் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கி வைக்கும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது. அந்த நைட்ரேட்டை யாராவது தொட்டிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். சுரபுன்னையின் ஓர் இலை காய்ந்தால் சுமார் 1 கிராம். அதில் நைட்ரஜன் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. அதாவது 10 முதல் 15 மில்லிகிராம். தினம் ஆறேழு இலையைக் கிள்ளி எறிந்தால்தான் வரவும் செலவும் நேராகும். என் ஆறு கன்றும் சேர்ந்து ஒரு மாதத்தில் விட்ட இலைகள் நான்கு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இலையைக் கிள்ளாமல் விட்டால் அந்தப் பொரியும் இல்லை. பழுத்து உதிரும் முன் மரம் இலையில் இருக்கும் சத்தில் பெரும்பங்கை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும். உதிர்ந்த இலை தண்ணீரிலேயே ஊறி அழுகி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். சுத்தம்தான் வேண்டுமென்றால் கீட்டோமார்ஃபா என்ற பாசி போதும். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர்போலச் சுருண்டு கிடக்கும் பச்சை நூல். வேரும் கிடையாது, மண்ணும் கேட்காது. வாரம் 200 கிராம் பிடுங்கிப் பிழிந்து வெளியே போட்டால், தண்ணீர் போக 20 கிராம் தேறும். அதில் 600 மில்லிகிராம் அளவுக்கு நைட்ரஜன். ஒரு வாரத் தீவனக் கணக்கு ஏறக்குறைய அதில் அடைந்துவிடுகிறது. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்காரப் பாசி.

பிறகு எதற்கு அலையாத்தியும், அதே தொட்டியில் நட்டிருக்கும் கடற்புல்லும்? வடிகட்டி என்று எண்ணி வாங்கினால் இரண்டும் ஏமாற்றும். இரண்டுமே தண்ணீரைவிடச் சேற்றோடுதான் அதிகம் வாழ்கின்றன. மூச்சு முட்டும் சேற்றில் எப்படிப் பிழைப்பது என்ற ஒரே சிக்கலுக்கு அவை கண்டுபிடித்த இரண்டு வழிகளை, காட்டுக்கும் கடலடிக்கும் போகாமல் வீட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். எனக்கு இந்தக் காரணமே போதும்.

முதலில் மரம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம். இந்தச் செடியிடம் பம்பு கிடையாது. இலையிலிருந்து நீராவி வெளியேறும்போது உள்ளே இருக்கும் நீர்நூல் இழுபடுகிறது. அந்த இழுவை வேர்வரை இறங்கி, உப்பை வெளியே நிறுத்தித் தண்ணீரை மட்டும் உள்ளே இழுக்கிறது. வீட்டுக் குடிநீருக்கு ஆர்.ஓ. மெஷின் தள்ளுகிறதே, அதே வேலையை மரம் இழுத்துச் செய்கிறது. பெர் ஷோலாண்டர் என்ற உடலியங்கியல் அறிஞர் வெட்டிய கிளையை ஓர் இரும்புக் குப்பிக்குள் அடைத்து, வாயுவால் அழுத்தி, வெட்டுவாயில் சாறு எப்போது திரும்ப எட்டிப்பார்க்கிறது என்று அளந்து, 1965-ல் அந்த இழுவையை நேரடியாகவே காட்டினார். அலையாத்தி மரங்களில் அது கடல்நீரின் பிடியைத் தாராளமாகத் தாண்டியிருந்தது. சுரபுன்னையின் வேர் நூற்றில் 90 பங்குக்கு மேல் உப்பை வாசலிலேயே நிறுத்திவிடும். வெண்கண்டல் எனப்படும் அவிசென்னியா கொஞ்சம் தாராளம். உள்ளே விட்டுவிட்டு, இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளும். அதன் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும்; லென்ஸில் பார்த்தால் உப்புப் படிகம் மினுக்கும்.

ரெஃப்யூஜியத்தில் இதற்கு ஓர் உடனடி விளைவு உண்டு. மரம் குடிப்பது நல்ல தண்ணீரை. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. ஆகவே குறைகிற தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்குள் மழையும் இல்லை, காற்றும் இல்லை. இலையில் உப்பும் தூசியும் படியும். இரண்டு நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரைப் பீய்ச்சிவிடுகிறேன். இஸ்திரி போடும்போது துணியில் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் போதும்.

உப்பைவிடப் பெரிய கஷ்டம் மூச்சு. சேற்றில் சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. வேருக்கோ ஆக்சிஜன் வேண்டும். சுரபுன்னை முட்டுக்கொடுத்ததுபோல் வளைந்த வேர்களைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கிறது. அவற்றின் பட்டையில் நுண்துளைகள். உள்ளே பஞ்சுபோன்ற திசு வழியாகக் காற்று கீழிறங்குகிறது. இதே ஷோலாண்டர் 1955-ல் அந்தத் துளைகளில் கிரீஸ் தடவி அடைத்துப் பார்த்தார். சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் சரிந்து விழுந்தது. தொட்டியில் கன்று வைக்கிறவர்கள் செய்யும் முதல் தப்பு, தெரியாமல் இதே சோதனையைச் செய்துபார்ப்பதுதான்: நாற்றுக்காயைக் கழுத்துவரை மணலில் புதைத்துவிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரில் இருந்தால் போதும். மணலே வேண்டாம், இரண்டு கல்லுக்கு நடுவில் செருகி வைத்தாலும் வேர் தானாக இறங்கும். தலைக்கொழுந்து மட்டும் தண்ணீருக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

இரண்டாவது தப்பு கத்தரிக்கோலில். குரோட்டன்ஸை வெட்டுவதுபோல் சுரபுன்னையை வெட்டக் கூடாது. இந்தக் குடும்பத்து மரங்களுக்கு முதிர்ந்த கிளையில் உறங்கும் மொட்டு இருப்பதில்லை. பழுத்த கிளையை வெட்டினால் அதோடு சரி, துளிர்க்காது. இளசாக இருக்கும்போதே நுனியைக் கிள்ளி வளர்த்தால் குட்டையாக, அடர்த்தியாக நிற்கும். வெண்கண்டல் எங்கே வெட்டினாலும் துளிர்க்கும். தில்லை மரமும் அலையாத்திக் கூட்டம்தான், சிதம்பரத்துக்கே பேர் கொடுத்த மரம். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. யாராவது தில்லைக் கன்று தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிடுங்கள்.

காட்டிலும் இதே பாடம் நடந்திருக்கிறது. பிச்சாவரத்தில் ஒருகாலத்தில் பகுதி பகுதியாக மரத்தை மொட்டையாக வெட்டினார்கள். மரம் போனதும் வெயில் பட்ட தரை இறுகித் தாழ்ந்து தொன்னைபோல் ஆனது. பெருநீரில் உள்ளே வந்த தண்ணீர் வற்றுநீரில் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்புப் பாத்தியாயிற்று. அதில் எந்தக் கன்றும் நிற்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் அங்கே முதலில் வெட்டியது வாய்க்காலை: நடுவே ஒரு தண்டு, இருபுறமும் சாய்ந்த கிளைகள், மீன்முள் வடிவத்தில். அலை உள்ளே வந்து போகத் தொடங்கிய பிறகே கன்று பிடித்தது. என் தொட்டியில் ஓதம் கிடையாது. டைமர் வைத்து ஒரு மோட்டாரால் தினம் இருமுறை நான்கு விரல் தண்ணீரை ஏற்றி இறக்கலாம் என்று திட்டம் இருக்கிறது. வீட்டில் கரண்ட் பில் யார் கட்டுவது என்ற விவாதம் முடியவில்லை.

கடற்புல் கதையே வேறு. இது உண்மையில் புல் குடும்பமல்ல, பாசியுமல்ல. மண்டபம், ராமேசுவரம் கரைகளில் காற்றுக் காலத்தில் குவியல் குவியலாக நாடாபோன்ற பழுப்பு இலைகள் ஒதுங்கிக் கிடக்கும். பலரும் பாசி என்றே தாண்டிப் போவார்கள். அவை பூக்கும் செடிகளின் இலைகள். நிலத்தில் வாழ்ந்த ஒருவித்திலைத் தாவரங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுக்குத் திரும்பிப் போயின. வேர், கிழங்கு, பூ, விதை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயின. ஒன்றை மட்டும் கரையில் விட்டுவிட்டன. இலைத்துளை. தண்ணீருக்குள் அதற்கு வேலையில்லை. சோஸ்டெரா என்ற கடற்புல்லின் மரபணுத் தொகுப்பை 2016-ல் படித்து முடித்தபோது, இலைத்துளை உண்டாக்கும் மரபணுக்களே காணாமல் போயிருந்தன.

மரம் காற்றில் மூக்கை வைத்துக்கொண்டு சேற்றில் நிற்கிறது. புல்லுக்கு அந்த வசதியில்லை. முழுசாக மூழ்கிக் கிடக்கிறது. எனவே பகலில் இலை ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் ஆக்சிஜனையே உள்குழாய்கள் வழியாக வேருக்கு அனுப்புகிறது. வேர்முனையில் அது கொஞ்சம் கசிந்து, சுற்றியிருக்கும் சேற்றில் ஒரு மெல்லிய பாதுகாப்பு உறை போடுகிறது. உறைக்கு வெளியே நிற்கும் எதிரி ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்ஃபேட்டைச் சுவாசித்து வெளியே விடும் நஞ்சு அது. தொட்டி மணலின் அடியில் கறுப்புப் படலம் தெரிந்தால் அதன் அடையாளம்தான். கடலில் புல்லுக்கு இன்னொரு துணையும் உண்டு. வேர்களுக்கிடையே லூசினிட் என்ற சிறு மட்டிகள் வாழும். அவற்றின் செவுளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சல்ஃபைடையே உணவாக்கும். மட்டி, பாக்டீரியா, புல் என்ற இந்த மும்முனை ஒப்பந்தம் 2012-ல்தான் தெளிவாக எழுதப்பட்டது.

இரவுதான் சோதனை. ஒளி இல்லை; ஆக்சிஜன் உற்பத்தி நின்றுவிட்டது. சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பது இலை வழியே கசிந்து வேருக்கு இறங்கினால் உண்டு. தண்ணீரிலும் குறைந்துவிட்டால் உறை கிழியும், சல்ஃபைடு உள்ளே நுழையும், வளர்முனை கருகும். ஃப்ளோரிடா விரிகுடாவில் 1987-ல் ஆமைப்புல் திடீரென்று செத்து விழத் தொடங்கி, 4000 ஹெக்டேர் அடியோடு போயிற்று. வெப்பம், உப்பு, இரவில் ஆக்சிஜன் பஞ்சம், சல்ஃபைடு என்று எல்லாம் கைகோத்த கூட்டுச்சதி. 2015-ல் அங்கே அதே கதை திரும்பவும் நடந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் தொட்டி விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். நீரோட்டத்தை ராத்திரி நிறுத்தக் கூடாது. பெரிய தொட்டியில் விளக்கு அணையும் நேரத்தில் ரெஃப்யூஜியத்துக்கு விளக்குப் போடுவது நல்ல பழக்கம். இரவில் மீனும் பவளமும் விடும் கார்பன் டை ஆக்சைடைச் செடிகள் எடுத்துக்கொள்வதால் தண்ணீரின் பி.எச். அளவு அதிகம் ஊசலாடாது. மணல் 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம், பொடியாக, பழகியதாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் வந்த புது மணலில் நட்டால் புல் பட்டினி கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் எதுவும் இல்லாமல் பளிங்காக வைத்திருப்பவர்கள் தொட்டியில்தான் புல் முதலில் சாகிறது. அங்கே மண்ணும் ஏழை; தண்ணீர் ஏழையாகவும் மண் பணக்காரனாகவும் இருப்பதே இதற்குப் பிடித்த ஏற்பாடு. தண்ணீரில் சத்து ஏறினால் இலைமேல் பாசி போர்த்தி ஒளியை மறைத்துவிடும். அதற்கும் ரெஃப்யூஜியத்தில் ஆள் இருக்கிறது: இலையை மேயும் பொடி நத்தைகளும் இறால்பூச்சிகளும். பெரிய தொட்டியில் நட்டிருந்தால் ஓரா மீன் ஒரே நாளில் வரப்பைச் சுத்தம் செய்துவிட்டிருக்கும். பாக் நீரிணை மீனவர்களைக் கேளுங்கள், ஓரா எங்கே மேயும் என்று.

நடும்போது பார்க்க வேண்டியது இலையையல்ல, கிழங்கின் நுனியை. கடற்புல் மண்ணுக்குள் படுத்தபடி ஓடும். ஓடுவது நுனிமொட்டு மட்டும். அது ஒடிந்த துண்டை நட்டால் இருக்கும் இலை வாழும், பிறகு ஒன்றும் நடக்காது. ஹலோடூல், ஹலோஃபிலா போன்ற சிறுவகைகள் சில வாரங்களில் பரவும். ஆமைப்புல் வகைகளுக்கு வருடக் கணக்கு. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடலடியில் புல் நடும்போது பி.வி.சி. குழாய்ச் சட்டத்தில் சணல் கயிறு கட்டி, அதில் புல்லை முடிந்து இறக்குகிறார்கள். வேர் பிடிக்கும்வரை அலை அடித்துப் போகாமல் இருக்க. தொட்டியில் நான் ஒரு கல்லை வைத்து அதையே செய்தேன்.

புல் எங்கே கிடைக்கும் என்று உடனே கேட்பீர்கள். மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ போய்ப் பிடுங்காதீர்கள். முன்னது, 1986-ல் தேசியப் பூங்காவான 21 தீவுகளின் கடல். வடக்கே 448 சதுர கிலோமீட்டர் 2022 முதல் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கான காப்பகம். கடற்பசுவின் சோற்றில் கைவைத்து வீட்டு அலங்காரம் வேண்டாம். அலையாத்திக்கும் இதுதான்: வனத்துறை எல்லைக்குள் தரையில் கிடக்கும் நாற்றுக்காயும் காட்டுக்குச் சொந்தம். மற்றொரு மீன்தொட்டிக்காரர் கழித்துக் கொடுக்கும் துண்டே நேர்மையான வழி.

கழித்துப் போடுவதிலும் ஒரு பயங்கரம் ஒளிந்திருக்கிறது. கீட்டோமார்ஃபா வருவதற்கு முன் ரெஃப்யூஜியத்தின் ராஜா காலெர்பா என்ற பாசி. இறகுபோல், திராட்சைபோல் விதவிதமான வடிவம். ஆனால் முழு உடம்பும் ஒரே செல். அதற்கு ஒரு கெட்ட பழக்கம்: இனப்பெருக்கக் காலம் வந்தால் உடம்பில் இருப்பதையெல்லாம் விடியற்காலையில் பாலினச் செல்களாகத் தண்ணீரில் கொட்டிவிட்டு, வெள்ளைக் கூடாக நிற்கும். தொட்டி பச்சைப் பால்போலாகிவிடும். அது தொட்டியோடு போகிற சங்கடம். 1984-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்கு அடியில், கடலில், ஒரு சதுர மீட்டர் அளவில் காலெர்பா டாக்ஸிஃபோலியா தென்பட்டது. குளிர் தாங்கும்படி ஐரோப்பியத் தொட்டிகளில் பழகிய ரகம். அலெக்ஸாந்தர் மெய்னேஸ் என்ற பேராசிரியர் எச்சரித்துக்கொண்டே இருந்தார். இது யார் வீட்டுப் பாசி என்ற வாக்குவாதம் நடந்துகொண்டே இருந்தது. 2000 முடிவதற்குள் பாதிப்பு 131 சதுர கிலோமீட்டருக்குப் பரவிவிட்டது, மத்தியதரைக் கடலின் பொசிடோனியா புல்வெளிகளின் மேலேயே. பிறகு பல இடங்களில் அது தானாகச் சுருங்கியது.

அதே 2000-ம் ஆண்டு ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் அகுவா ஹெடியோண்டா உப்பங்கழியில், தாங்கள் நட்டிருந்த கடற்புல் பிடித்திருக்கிறதா என்று பார்க்க முக்குளித்தவர்கள் கண்ணில் அந்தப் பாசி பட்டது. தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் குளோரின் விட்டுக் கொன்றார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று; செலவு 70 லட்சம் டாலரைத் தாண்டியது. கலிஃபோர்னியா 2001-லேயே ஒன்பது காலெர்பா வகைகளை வைத்திருப்பதையே தடைசெய்துவிட்டது. யாரோ ஒருவர் தொட்டியைக் கழுவிய தண்ணீரை எங்கோ கொட்டியதற்கு இந்தப் பில். நம் பக்கமும் வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளத்தின்மேல் ஏறியிருக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அறுவடைக்கு என் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கீட்டோமார்ஃபாவும் கிள்ளிய இலையும் ஒரு முறத்தில் மொட்டைமாடிக்குப் போகும். வத்தல் காயும் பக்கத்திலேயே அதுவும் காயும். கையில் எடுத்தால் நொறுங்கும் அளவுக்குச் சருகான பிறகே குப்பைக்கூடை. சாக்கடைக்கு ஒரு நூல்கூடப் போவதில்லை. போன வாரம் காக்கை ஒன்று வத்தலை விட்டுவிட்டுப் பாசியைக் கொத்திப் பார்த்து, உப்புக் கரித்ததோ என்னவோ, அலகைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் துடைத்துக்கொண்டு பறந்தது.